ஒடுங்கிய எழுத்தும் 1932இன் எதிர்காலமும்

பிரதியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆசிரியனைச் சாகடித்தோம், வாசகனைப் பிறப்பித்தோம், பிரதிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சண்டை போட்டு இரண்டு மூன்று நட்புகளையும் முறித்துக்கொண்டோம். அந்தப் பிரதி எந்த உடம்போடு நம் கையில் வந்து விழுகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எழுத்து என்றால் நமக்கு எழுதப்பட்ட விஷயம். அச்சில் தெரிகிற எழுத்தின் அகலம், கோட்டின் தடிமன், மூலையின் வளைவு எல்லாம் அச்சகத்துக்காரர் சமாச்சாரம். ஒரு எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கும், அதனால் எத்தனை பக்கம் கூடும், பேப்பருக்கு எவ்வளவு ஆகும் என்பது சிற்றிதழ் நடத்துகிற எவருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் கட்டுரை எழுத உட்காரும்போது இந்த அறிவைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வருகிறோம்.

நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது ஒரே ஒரு எழுத்துரு. ஏஜென்சி காதிக் என்று பெயர். 1932இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்கிற எழுத்து வார்ப்புக் கம்பெனிக்காக மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வடிவமைத்த ரோமன் எழுத்து. இன்று கணினிகளில் ‘ஏஜென்சி எஃப்பி’ என்ற பெயரில் இருப்பது அதன் வாரிசு. பெயர் தெரியாவிட்டாலும் இந்த ஜாதி எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். விண்கலம், ரோபோ, ராணுவ ரகசியம் என்று வருகிற படங்களின் விளம்பரத்திலும் கணினி விளையாட்டுகளிலும் உயரமாக, ஒல்லியாக, விறைத்துக்கொண்டு நிற்கும். ‘இது நாளைக்கு நடக்கப்போகிற கதை’ என்று சொல்வதுதான் அதன் வேலை. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய எழுத்து எப்படி நாளைக்கு நடப்பதைச் சொல்லும் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் உருவத்தைப் பார்க்கலாம். ரோமன் ‘ஓ’ என்றால் வட்டம் என்பது பொதுப்புத்தி. இதில் வட்டம் கிடையாது. செங்குத்தாக நிற்கிற ஒரு செவ்வகம், நான்கு மூலையையும் லேசாக மழுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் செவ்வகத்தின் வலப்பக்கத்தைத் திறந்தால் ‘சி’. மேல்பக்கத்தைத் திறந்தால் ‘யு’. திறந்த வலப்பக்கத்தில் உள்நோக்கி ஒரு குட்டைக் கோடு கொடுத்தால் ‘ஜி’. கோட்டின் தடிமன் அநேகமாக எங்கும் ஒன்று. பேனா எங்கே அழுத்தியது, எங்கே தூக்கியது என்பதற்கான தடயமே இல்லை. கை வந்து போன இடம் துடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லாகச் சேர்த்து வைத்தால் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பி ஜன்னல்.

இந்த உருவத்தில் இரண்டு குணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஒடுக்கம், மற்றது சதுரத்தன்மை. ஒடுக்கத்துக்கு நீண்ட பொருளாதார வரலாறு இருக்கிறது. சதுரத்தன்மைக்கு ‘எதிர்காலம்’ என்கிற அர்த்தம் பின்னால் வந்து ஏறியது. இன்று இந்த எழுத்தை விற்கிறவர்கள் இரண்டாவதை மட்டும் காட்டி முதலாவதை மறைக்கிறார்கள் என்பது என் புகார். எங்கே இந்த எழுத்து நன்றாக வேலை செய்கிறது, எங்கே வெறும் வேஷம் போடுகிறது என்று பிரித்துப் பார்க்க அந்த மறைந்த பாதிதான் உதவும்.

*

ஒடுக்கம் நவீனமானது இல்லை. மைன்ஸ் நகரத்தில் 1455 வாக்கில் குடன்பர்க் அச்சிட்ட பைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 42 வரி பைபிள் என்பார்கள். ஆனால் அதன் தொடக்கப் பக்கங்களில் பத்திக்கு 40 வரிகள்தான். பிறகு ஒரு பக்கத்தில் 41 ஆகி, அதற்குப் பிறகு 42 என்று நிலைத்தது. காகிதத்தையும் தோலையும் மிச்சம் பிடிப்பதற்காகத்தான் இப்படி நெருக்கினார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த எழுத்தும் ஒடுங்கிய எழுத்துதான். டெக்ஸ்சுரா என்று அதன் பெயர், நெய்தது என்று பொருள். செங்குத்துக் கோடுகள் பாவு நூல் மாதிரி நெருங்கி நிற்பதால் வந்த பெயர். ‘டெக்ஸ்ட்’ என்கிற சொல்லின் லத்தீன் மூலமும் நெசவுதான் என்பது ரோலன் பார்த்துக்குப் பிடித்த விஷயம். அவர் அதை அர்த்தங்களின் நெசவாக வாசித்தார். கன்றுக்குட்டித் தோலின் விலையை வைத்தும் அதை வாசிக்கலாம். தோலில் எழுதிய துறவிக்கு அகலம் என்பது செலவு.

1501இல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ், ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் வர்ஜிலைக் கையடக்கமாக அச்சிட்டார். அங்கேயும் ஒரு வரியில் இன்னும் கொஞ்சம் அடைக்கலாம் என்கிற கணக்கு உண்டு. இதை விரிக்கவேண்டியதில்லை. எனக்கு முக்கியம் அடுத்தது.

1820களின் இறுதியில் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர எழுத்துகளை இயந்திரத்தில் குடைந்தெடுக்கத் தொடங்கினார். ஈயத்தில் வார்த்தால் சுமக்க முடியாத பெரிய எழுத்துகள் மரத்தில் மலிவாகக் கிடைத்தன. சுவரொட்டி ஒரு பெரும் தொழில் ஆனது. அன்றைய சர்க்கஸ், ஏலம், நாடகம், ஓடிப்போன அடிமைக்குப் பரிசு, எதன் சுவரொட்டியை எடுத்தாலும் ஒரு விஷயம் கண்ணில் படும்: ஒவ்வொரு வரியும் தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிரம்பியிருக்கும். நான்கு எழுத்துச் சொல்லுக்கு அகன்ற எழுத்து, பதினான்கு எழுத்துச் சொல்லுக்கு ஒல்லி எழுத்து. அர்த்தத்துக்கு ஏற்ற உருவம் என்கிற அழகியல் எல்லாம் அங்கே இல்லை. சொல்லில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அதுதான் எழுத்தின் அகலத்தைத் தீர்மானித்தது. அடிமை என்கிற சொல் எந்த அகலத்தில் வந்தது என்பதற்குக்கூட இதைத் தாண்டிக் காரணம் தேடவேண்டாம். அந்த அலட்சியம்தான் பயங்கரம்.

நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கணக்கு சுவரை விட்டுப் படிப்பு மேஜைக்கு வந்தது. ‘செஞ்சுரி’ என்கிற அமெரிக்க மாத இதழை அச்சிட்டவர் தியோடர் லோ டி வின். பக்கத்துக்கு இரண்டு பத்தி. பத்தி குறுகல், அன்றைக்கு வழக்கத்தில் இருந்த எழுத்தோ மெல்லிய கோடுகளால் வெளிறிப்போய்க் கிடந்தது. கறுப்பாகவும் இருக்கவேண்டும், குறுகிய பத்தியிலும் அடங்கவேண்டும் என்று கேட்டு வாங்கிய எழுத்துதான் 1894இன் செஞ்சுரி. அதை வடிவமைத்தவர் லின் பாய்ட் பென்டன். நம் கதாநாயகரின் அப்பா. சில வருஷம் கழித்து மகன் அதையே அகலப்படுத்தி ‘செஞ்சுரி எக்ஸ்பாண்டட்’ ஆக்கினார். அப்பா ஒடுக்கியதை மகன் விரித்தார் என்று இதை ஒரு குடும்பக் கதையாகச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டையும் செய்தது ஒரு இயந்திரம்.

*

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அது இல்லாமல் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

ஈய எழுத்து எப்படிப் பிறந்தது? எஃகுக் கம்பியின் நுனியில் ஒருவர் எழுத்தை இடவலமாக, அச்சில் வரப்போகிற அதே அளவில், அரத்தாலும் உளியாலும் செதுக்குவார். அது பஞ்ச். அந்தப் பஞ்சைச் செம்புக் கட்டியில் அடித்தால் பள்ளம் விழும். அது மேட்ரிக்ஸ். பள்ளத்தில் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து. முதல் படியில்தான் எல்லாமே இருக்கிறது. எட்டு பாயிண்ட் எழுத்து என்றால் மூன்று மில்லிமீட்டருக்குள் ஒரு மனிதன் தன் கண்ணையும் கையையும் வைத்து அகலத்தை, தடிமனை, வளைவைத் தீர்மானிக்கிறான். நாலரை நூற்றாண்டுக் காலம் இப்படித்தான் நடந்தது.

மில்வாக்கியில் வார்ப்பகம் நடத்திக்கொண்டிருந்த லின் பாய்ட் பென்டன் 1885இல் பேண்டோகிராஃப் முறையில் பஞ்ச் வெட்டுகிற இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். எழுத்தைப் பெரிதாக வரைந்து ஒரு மாதிரி செய்துகொள்ளவேண்டும். இயந்திரத்தின் ஒரு முனை அந்த மாதிரியின் விளிம்பைத் தடவிக்கொண்டு போகும். மறுமுனையில் உள்ள வெட்டுக்கருவி அதே பாதையை மிகச் சிறிய அளவில் எஃகில் வெட்டும். 1886இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் லைனோடைப் ஓடத் தொடங்கியபோது அதற்கு மேட்ரிக்ஸ் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டது. கையால் வெட்டி முடிகிற காரியமில்லை. பென்டன் இயந்திரம்தான் அந்தப் பசிக்குத் தீனி போட்டது. லைனோடைப்பைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதன் இன்னொரு திறமைதான் நமக்கு முக்கியம். ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு, அமைப்பை மாற்றினால், எழுத்தைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம், சாய்க்கலாம், அகட்டலாம், ஒடுக்கலாம். அதுவரைக்கும் அகலம் என்பது ஒரு எழுத்தின் குணம். செதுக்குகிறவன் எடுத்த முடிவு. இப்போது அது ஒரு அளவு. திருகினால் மாறும். எழுத்தின் ‘சாராம்சம்’ என்று ஒன்று மாதிரித் தகட்டில் இருக்கிறது, அகலம் அதன்மேல் செய்கிற காரியம் என்று ஒரு புதிய பிரிவினை பிறந்துவிட்டது. இதை வெறும் தொழில்நுட்பச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை. கைவினைஞனிடமிருந்த தீர்மானத்தை எடுத்து வரைபட மேஜைக்கும் திருகாணிக்கும் பங்கிட்டுக் கொடுத்த சம்பவம் இது. டெய்லரின் ‘அறிவியல்பூர்வ நிர்வாகம்’ புத்தகமாக வந்தது 1911இல். எழுத்து வார்ப்பில் அந்த நிர்வாகம் கால் நூற்றாண்டு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது.

1892இல் இருபத்து மூன்று வார்ப்பகங்கள் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் உருவானது. லைனோடைப் வந்தபின் தனித்தனியாகப் பிழைக்க முடியாது என்கிற பயம்தான் சேர்த்து வைத்தது. பென்டனின் பட்டறையும் உள்ளே வந்தது, இயந்திரமும் வந்தது. மகன் மோரிஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு 1896இல் கம்பெனியில் சேர்ந்தார். 1900இலிருந்து 1937வரை எழுத்து வடிவமைப்பின் தலைமை அவரிடம் இருந்தது. இருநூறுக்கு மேற்பட்ட எழுத்துருக்கள் அவர் கணக்கில். ஃபிராங்க்ளின் காதிக், நியூஸ் காதிக், செஞ்சுரி ஸ்கூல்புக் என்று இன்றும் புழங்குகிறவை அதில் உண்டு. ஓவியப் பள்ளியிலிருந்து வராமல் பொறியியலிலிருந்து எழுத்துக்கு வந்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1903இல் அவர் செய்த ‘ஆல்டர்னேட் காதிக்’ மூன்று அகலங்களில் வந்தது. ஒல்லி, கொஞ்சம் ஒல்லி, அவ்வளவு ஒல்லியில்லை, மூன்றுக்கும் எண்தான் பெயர்: ஒன்று, இரண்டு, மூன்று. தலைப்பு எழுதுகிற துணையாசிரியர் சொல்லை மாற்ற வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும்.

(‘காதிக்’ என்கிற சொல் குழப்பலாம். ஐரோப்பாவில் அது குடன்பர்க் வகைக் கறுப்பெழுத்தைக் குறிக்கும். அமெரிக்க அச்சகத்தில் நேர்மாறு: கோட்டு நுனியில் குஞ்சம் இல்லாத மொட்டை எழுத்துக்கு அந்தப் பெயர். ஆனால் ஏஜென்சி காதிக்கை டெக்ஸ்சுரா பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே செங்குத்துக் கோடு, அதே சம இடைவெளி, அதே கம்பி ஜன்னல். தெரியாமல் வைத்த பெயர் பொருந்திப்போகிறது.)

*

இனி 1932. எதிர்காலத்தைக் கூவி விற்ற முதல் ஆட்கள் இத்தாலியர்கள். மாரினெட்டியின் எதிர்காலவாத அறிக்கை பாரிஸ் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் வந்தது 1909 பிப்ரவரியில். சொற்களைப் பக்கமெங்கும் சிதறடித்த அந்தக் கூட்டத்தார், அச்சகத்துக் கேஸ்களில் ஏற்கெனவே கிடந்த எழுத்துகளை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். அவர்களுடைய புரட்சி எழுத்துகளை எங்கே வைப்பது என்பதில் இருந்தது, எழுத்தின் உருவத்தில் இல்லை. ஜெர்மனிக்கு வந்தால் ஹெர்பர்ட் பேயரின் 1925ஆம் வருஷத்து ‘யுனிவர்சல்’ எழுத்தும் சரி, பால் ரென்னரின் 1927ஆம் வருஷத்து ஃபியூச்சுராவும் சரி, வட்டத்தை நம்பின. எதிர்காலம் என்றே பெயர் வைத்துக்கொண்ட ஃபியூச்சுராவின் ‘ஓ’ காம்பஸில் போட்ட மாதிரி இருக்கும். 1969இல் நிலாவில் விட்டுவிட்டு வந்த தகட்டிலும் அதுதான். ஆக, எதிர்காலம் என்றால் சதுர எழுத்து என்பது இயற்கையில் விளைந்த சமன்பாடு இல்லை. ஒரு காலத்தில் அது உருண்டையாக இருந்தது.

அமெரிக்காவில் என்ன நடந்தது? எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931 மே மாதம் திறக்கப்பட்டது. 102 மாடி. வாடகைக்கு ஆள் வராமல் முக்கால்வாசி இருண்டு கிடந்ததால் ‘காலி ஸ்டேட்’ என்று கேலி செய்தார்கள். நிலத்துக்கு அடிக்கணக்கில் விலை, ஆகாயம் இலவசம் என்பது மன்ஹாட்டன் கணக்கு. ஒடுங்கிய எழுத்தின் கணக்கும் அதேதான்: பத்தியின் அகலத்துக்குக் காசு, உயரத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள். 1932இல் நார்மன் பெல் கெடஸ் ‘ஹொரைசன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். கப்பல், கார், ரயில், அடுப்பு, எல்லாவற்றுக்கும் மூலையை மழுக்கிக் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற உருவம். நகராத அடுப்பு எதற்குக் காற்றைக் கிழிக்கவேண்டும்? விற்பதற்கு. வாங்க ஆளில்லாத சந்தையில் பழைய பொருளுக்குப் புது உறை. 1933இல் அமெரிக்கத் தொழிலாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸே அந்த வருஷம் திவாலாகி நீதிமன்றம் நியமித்த நிர்வாகத்தின் கீழ் போனது.

இந்த இடத்தில்தான், கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த வருஷத்தில், அறுபது வயதைத் தொட்ட ஒரு பொறியியல்காரர் பெரிய எழுத்துகளை மட்டும் கொண்ட ஒரு தலைப்பு எழுத்தை வெளியே விடுகிறார். ஒடுக்கம் பழைய சிக்கனம். மழுங்கிய மூலை அன்றைய சந்தை மோஸ்தர். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஏஜென்சி காதிக். பெயரைக் கவனியுங்கள். விண்வெளியும் இல்லை, எந்திரமும் இல்லை. கேட்டால் விளம்பர ஏஜென்சிதான் ஞாபகம் வருகிறது. 1932இல் இது எதிர்காலத்தின் எழுத்தாகப் பிறக்கவில்லை. நொடித்துப்போன நிகழ்காலத்தில் குறைந்த இடத்தில் உரக்கப் பேசப் பிறந்தது.

*

அப்புறம் எப்படி எதிர்காலம் ஆனது? இங்கேதான் குறியியல் கொஞ்சம் உதவும். ‘தொன்மங்கள்’ என்ற 1957ஆம் வருஷத்து நூலில் பார்த் காட்டுகிற வித்தை இது: ஏற்கெனவே அர்த்தமுள்ள ஒரு குறியை எடுத்து, அதன் வரலாற்றைக் காலி செய்துவிட்டு, வேறொரு அர்த்தத்தை ஏற்றிவிடுவது.

ஏற்றியது முதலில் தொலைக்காட்சிப் பெட்டி. பழைய படக்குழாயின் திரை மூலை மழுங்கிய, பக்கம் புடைத்த சதுரம். 1952இல் டூரின் நகரத்து நெபியோலோ வார்ப்பகத்துக்காக அலெசாந்த்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் மைக்ரோகிராமா என்ற எழுத்தைச் செய்தார்கள். பெரிய எழுத்துகள் மட்டும், ‘ஓ’ அப்படியே ஒரு டிவி திரை. 1962இல் நோவரேஸே அதற்குச் சிறிய எழுத்துகளைச் சேர்த்து, ஒடுங்கிய வகையையும் சேர்த்து, யூரோஸ்டைல் ஆக்கினார். ஃபியட் கார் தயாராகிற ஊரில் பிறந்த எழுத்து. 1968இல் குப்ரிக்கின் ‘2001’ படத்தில் கணினித் திரைகளில் இந்தக் குடும்பத்தின் அகன்ற வகை வந்தது. அதன்பிறகு விண்கலச் சுவர் என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது.

இரண்டாவது, வங்கி. உங்களிடம் காசோலைப் புத்தகம் இருந்தால் அடியில் இருக்கிற எண்களைப் பாருங்கள். சம்பந்தமில்லாத இடத்தில் தடித்து, சம்பந்தமில்லாத இடத்தில் மெலிந்து, யாரோ கோணலாகக் கட்டிய சுவர் மாதிரி இருக்கும். 1950களில் அமெரிக்க வங்கிகளுக்காக உருவான வடிவம். காந்த மையில் அச்சடித்த ஒவ்வொரு எண்ணும் படிக்கிற தலையின் கீழே கடக்கும்போது தனித்தனி அலையை எழுப்பவேண்டும். அதற்காகத்தான் அந்தத் தடிப்பு. மனிதக் கண் இரண்டாம்பட்சம். 1970இல் பாப் நியூமன் என்பவர் இந்த எண்களின் பாணியில் முழு எழுத்து வரிசையை ‘டேட்டா 70’ என்று லெட்ராசெட்டுக்குச் செய்துகொடுத்தார். அந்தத் தடிப்பு எந்த இயந்திரத்துக்கும் பயன்படாத தடிப்பு. ஆனாலும் அறிவியல் புனைகதைகளின் அட்டையெல்லாம் அதுவே ஆனது. இயந்திரத்துக்கு அவசியமாக இருந்தது மனிதனுக்கு அலங்காரமாகிவிட்டது. எதிர்காலத்தின் தோற்றம் என்று நமக்கு விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான்: நேற்றைய இயந்திரத்தின் குறைபாடு.

இப்படிக் கண்கள் பழகிய பிறகுதான் ஏஜென்சி காதிக் திரும்பி வருகிறது. டிவிக்கு முன்பே பிறந்த எழுத்தை டிவி பார்த்த கண்கள் வாசிக்கின்றன. 1989இல் ரோஜர் பிளாக்கும் டேவிட் பெர்லோவும் பாஸ்டனில் ஃபான்ட் பீரோ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990இல் பெர்லோ பென்டனின் பெரிய எழுத்துகளை எடுத்து, அதில் இல்லாத சிறிய எழுத்துகளைத் தானே வரைந்து, ஒரு தடித்த வகையும் சேர்த்தார். நன்றாக விற்றது. பிறகு டொபையஸ் ஃப்ரேர்-ஜோன்ஸ், ஜானதன் கோரம் ஆகியோருடன் சேர்ந்து ஐந்து தடிமன், ஐந்து அகலம் என்று பெருக்கினார்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு அது சேர்ந்து வந்ததும் உலகத்துக் கணினியெல்லாம் குடியேறிவிட்டது. யாரும் தேடிப் போய் வாங்காமலே வீட்டுக்குள் வந்த எதிர்காலம்.

அகலத்தின் பட்டியலைப் பாருங்கள்: ஐந்து. அப்பா பென்டனின் திருகாணி இங்கே மென்பொருளுக்குள் போய்விட்டது. அதே சமயத்தில் பழைய திருகாணிக்கு என்ன ஆனது? நியூ ஜெர்ஸியில் எலிசபெத் என்கிற ஊரில் மிச்சமிருந்த அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் 1993இல் இரண்டாம் முறை திவாலானது. ஆகஸ்ட் மாதம் ஏலம். மேட்ரிக்ஸ் எல்லாம் நல்ல செம்பு, நல்ல பித்தளை. பழைய இரும்புக் கடைக்காரர்களோடு போட்டி போட்டு, ஈய எழுத்து வார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்த சிலர் முடிந்ததைக் காப்பாற்றினார்கள். மற்றது எடைக்குப் போனது. எதிர்கால எழுத்து என்று ஒன்று திரைகளில் ஏறிக்கொண்டிருந்தபோது அதன் உடம்பு கிலோ கணக்கில் உருகிக்கொண்டிருந்தது.

*

சரி, இதை எங்கேதான் பயன்படுத்துவது? தத்துவம் பேசிவிட்டு நடைமுறையைத் தட்டிக்கழிப்பது நம் பழக்கம், அதனால் சொல்லிவிடுகிறேன். இடம் நிஜமாகவே குறுகலாக இருந்து, சொல் நிஜமாகவே நீளமாக இருந்தால் பயன்படுத்தலாம். அட்டவணையில் பத்தித் தலைப்பு, நுழைவுச் சீட்டு, அலமாரி லேபிள், மெலிந்த புத்தகத்தின் முதுகு, விளையாட்டு வீரரின் சட்டையில் நீளமான பெயர். இங்கெல்லாம் ஒல்லி எழுத்து நாணயமான வேலைக்காரன். பெரிய அளவில் இருக்கட்டும், எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுங்கள். சிறிய அளவில் நான்கு வரிக்கு மேல் வைத்தால் அந்தக் கம்பி ஜன்னலுக்குள் கண் மாட்டிக்கொள்ளும். எண்களும் எழுத்துகளும் கலந்து வருகிற இடத்தில் வைக்கவே வேண்டாம். வட்டத்தைத் துறந்த எழுத்தில் ‘ஓ’வும் சைபரும் ‘டி’யும் அண்ணன் தம்பி. எட்டும் ‘பி’யும் இரட்டைப் பிள்ளை. மருந்துச் சீட்டிலும் வண்டி எண்ணிலும் இந்தப் பாசம் ஆபத்து. இடம் தாராளமாக இருக்கிறது, சொல்லும் மூன்றெழுத்துதான், ஆனாலும் ‘எதிர்காலம்’ தெரியவேண்டும் என்று இதைப் போடுகிறவனிடம்தான் எனக்குச் சண்டை. அவன் அடுப்பை மழுக்குகிறவன்.

ஒடுங்கிய எழுத்து வேறு, ஒடுக்கப்பட்ட எழுத்து வேறு. இது நம் பக்கத்து அனுபவம். பேஜ்மேக்கர் வந்த புதிதில் எழுத்தின் அகலத்தை எழுபது சதவீதம், எண்பது சதவீதம் என்று குறைக்க அதில் வசதி இருந்தது. தலைப்பு அடங்கவில்லையா, நசுக்கு. தமிழில் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. ‘ர’ ஒரு கோல், ‘ண’ ஒரு வண்டி. நசுக்கும்போது நிற்கிற கோடு மெலியும், படுத்த கோடு அப்படியே தடித்து நிற்கும். ‘ண’வின் சுழிகள் ஒன்றின்மேல் ஒன்று சாயும். உள்வெளி அடைந்து மையாகிவிடும். நான் பங்கேற்ற ஒரு இதழிலேயே இப்படி நசுங்கிய தலைப்புகள் வந்திருக்கின்றன. வாசகர் யாரும் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வருத்தம். பென்டன் பட்டறையிலும் திருகாணி இருந்தது. ஆனால் அதை நம்பி நிறுத்தவில்லை. அளவுக்கு அளவு விகிதத்தைத் திருத்தினார்கள், சிறிய அளவுக்குக் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கி, உள்வெளியைத் திறந்து விட்டார்கள். திருகாணி கொடுத்ததைக் கண் மறுபரிசீலனை செய்தது. தமிழுக்கு ஒடுங்கிய எழுத்து வேண்டுமென்றால் அதை ஒடுக்கமாகவே வரையவேண்டும், ‘ண’வுக்கு ஒரு தீர்வு, ‘ட’வுக்கு வேறொரு தீர்வு என்று. ‘ட’ பிறவியிலேயே மூலையுள்ள எழுத்து, அதற்குப் பிரச்சினை இல்லை.

ஒல்லி எழுத்தின் மிக நேர்மையான பயன்பாடு எது என்று என்னைக் கேட்டால் ஹாலிவுட் சுவரொட்டியின் அடிப்பகுதியைக் காட்டுவேன். படத்தின் பெயர் மேலே எந்த வேஷத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். கீழே நூலிழை மாதிரி நெருங்கி நிற்கிற பெயர்கள்: எழுதியவர், ஒளிப்பதிவு செய்தவர், வெட்டி ஒட்டியவர், உடை தைத்தவர். சங்கங்களோடும் தனி ஆட்களோடும் போட்ட ஒப்பந்தப்படி, அந்தப் பெயர்களின் அளவு படத்தலைப்பின் அளவில் இத்தனை சதவீதத்துக்குக் குறையக்கூடாது. அளவு என்றால் வழக்கத்தில் உயரம். அகலத்தைப் பற்றி ஒப்பந்தம் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. தயாரிப்பாளர் இடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார், தொழிலாளி உயரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். நடுவில் எழுத்து ஒல்லியாகிக்கொண்டே போய் இந்த உருவத்துக்கு வந்திருக்கிறது. கண்ணுக்குச் சரியாகப் படிக்க வராது. ஸ்கேலை வைத்து அளந்தால் உயரம் சரியாக இருக்கும்.